கொடைக்கானல் பைன் காட்டில் பாம்பும் காட்டு மாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைன் காட்டுக்குள் நுழைந்ததும் பலர் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். கீழே ஊசி இலைச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். முள் இருக்காது, புதர் இருக்காது, கண் போகிற தூரம் வரை நெட்டையான மரங்கள்தான். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், பெரியவர்கள் போர்வையை விரித்துப் புளியோதரையைப் பிரிப்பார்கள். கொடைக்கானலில் வளர்ந்தவள் என்பதால் இந்தக் காட்சி எனக்குப் பழக்கம். இங்கே வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இதைப் பூங்கா என்று நினைப்பதில்தான் தொடங்குகின்றன.

பைன் இந்த மலைக்குச் சொந்தமான மரம் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னும் நட்டு வளர்த்தது. பழனி மலையின் உச்சியில் முன்பு இருந்தவை சோலைக்காடும் புல்வெளியும். பைன், சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ் எல்லாம் அந்தப் புல்வெளிகளின் மேல்தான் வந்து உட்கார்ந்தன. பைன் சருகு மூடிய தரையில் மேய்ச்சலுக்குப் புல் அதிகம் கிடைக்காது. அதனால் விலங்குகள் அங்கே தங்குவது குறைவு. ஒரு சோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியாக அதைக் கடக்கும். நாம் அவற்றைச் சந்திப்பது பெரும்பாலும் ஓரங்களில்தான்: பைன் முடிந்து புல் தொடங்கும் இடம், ஓடைக்கரை, கல் கட்டு, கடைகளுக்குப் பின்னால் குப்பை கொட்டும் மூலை. காட்டின் நடுவில் கவனமாக இருந்துவிட்டு இந்த ஓரங்களில் அசட்டையாக இருப்பவர்கள்தான் அதிகம்.

காட்டு மாட்டிடம் செய்யும் தவறுகள்

ஊரில் எல்லோரும் காட்டெருமை என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது எருமை இனமே இல்லை, மாட்டினம். கடமா என்பது பழைய பெயர். நன்கு வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும், தோள் உயரமே கிட்டத்தட்ட ஆறடி. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருப்பதால் பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஏரிக்கரையிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும்கூடச் சாதாரணமாக நடமாடுவதால், பழகிய மாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு மார்கழிக் காலை. பைன் காட்டு ஓரக் கடைகளுக்குப் பக்கத்தில், தின்று போட்ட சோளக்கதிர்த் தண்டுகளை ஒரு காளை மென்றுகொண்டிருந்தது. மூடுபனி இன்னும் விலகவில்லை. மப்ளர் கட்டிய ஒரு பையன் செல்போனை நீட்டியபடி பத்தடி வரை போய்விட்டான். மாடு மெல்லுவதை நிறுத்தியது. பிறகு மெதுவாகத் திரும்பி, முழு உடம்பையும் பக்கவாட்டில் காட்டி நின்றது. "போஸ் கொடுக்குதுடா" என்று நண்பர்களிடம் கத்தினான். தலை கொஞ்சம் தாழ்ந்தது, மூக்கிலிருந்து 'புஸ்' என்று ஒரு மூச்சு. டீக்கடை அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, அப்படியே பின்னாடி வா. ஓடாத. மூஞ்சி அது பக்கமே இருக்கட்டும்." அவன் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினான். மாடு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் தண்டுக்குக் குனிந்தது.

பக்கவாட்டில் திரும்பி உடம்பைப் பெரிதாகக் காட்டுவது அதன் எச்சரிக்கை. தலையைத் தாழ்த்துவதும் சீறுவதும் அதற்கு அடுத்த படி. மெல்லுவதை நிறுத்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால், அப்போதே நீங்கள் நெருங்கி வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகக் கூடாது. அதே அளவு முக்கியமானது, அது வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது. சாலையோரம் நிற்கும் மாட்டை நான்கு பக்கமும் கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும்போது, பாய்வதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். நாய் குரைத்து மாட்டைச் சீண்டிவிட்டு, நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடி வரும். காரில் இருந்தால் ஹாரன் அடிக்காமல், விளக்கை லோ பீமில் வைத்துக் காத்திருங்கள். இரவில் மூடுபனியில் அதன் கறுத்த உடம்பு தெரியவே தெரியாது. சாலையில் குறுக்கே நிற்கும்போதும் பம்பருக்குப் பக்கத்தில்தான் தட்டுப்படும்.

பாம்பு நகர்ந்துவிடும் என்று நம்புவது

காலைத் தட்டி நடந்தால் பாம்பு விலகிப் போய்விடும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சாரைக்கு அது சரி, நல்லபாம்பும் பெரும்பாலும் போய்விடும். குழிவிரியனிடம் இது பலிக்காது. இரை வரும்வரை அசையாமல் காத்துக் கிடப்பதுதான் அதன் வாழ்க்கை முறை. நிறம் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி, நீங்கள் பக்கத்தில் வந்தாலும் அப்படியே கிடக்கும்.

கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் நாம் பயப்படுகிற நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்த உயரத்தில் அரிது. மலைப்பாதையில் கீழே இறங்க இறங்கத்தான் அவற்றின் இடம். மேலே இருப்பவை குழிவிரியன்கள். கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே ஒரு சிறு குழி உண்டு. எலியின் உடல் வெப்பத்தை அதனால்தான் அவை உணர்கின்றன. பச்சை நிறத்தில் இருப்பது ஓடையோரப் புதர்களில், சரியாக நம் கை படும் உயரத்தில் சுருண்டிருக்கும். பிடரியில் லாட வடிவக் குறியோடு பழுப்பாக இருப்பது தரையில், கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் கிடக்கும்.

அந்தப் பழுப்பு விரியனை ஒருமுறை வனக்காவலர் ஒருவர் எனக்குக் காட்டினார். பைன் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் வெட்டிய ஓர் அடிமரம். "எங்கண்ணே?" என்றேன். "உங்க கால்ல இருந்து நாலடி." அவர் குச்சியை நீட்டிய பிறகும் அரை நிமிடம் தேடினேன். உலர்ந்த ஊசி இலையின் நிறம், நிழலின் நிறம், ஒரு முழத்துக்கும் குறைவான உடம்பு. நாங்கள் பேசிக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் அது அசையவே இல்லை. அன்றிலிருந்து நான் அடிமரத்தில் உட்காருவதில்லை, உட்காரும் முன் கல்லைச் சுற்றிப் பார்க்காமலும் இருப்பதில்லை. விறகு பொறுக்குவதும் பைன் காய் எடுக்கச் சருகுக்குள் கையை விட்டுத் துழாவுவதும் வேண்டவே வேண்டாம். மூடிய ஷூ, நீளமான பேன்ட், பொழுது சாய்ந்தால் டார்ச்: பெரும்பாலான கடிகளைத் தவிர்க்க இவையே போதும்.

எதிர்ப்புறத் தவறும் இருக்கிறது, அது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மழைக்குப் பிறகு பாதையில் பளபளவென்று நெளியும் கேடயவால் பாம்புகளை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்னும் இந்தப் பாம்புக்கு விஷமும் இல்லை, கடிக்கும் எண்ணமும் இல்லை. அதில் ஒரு வகைக்கு அறிவியல் பெயரே பழனி மலையை வைத்துத்தான் சூட்டப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டும் வாழ்கிற குடும்பம். குச்சியால் மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும், தானாக மண்ணுக்குள் போய்விடும்.

கடித்த பிறகு

கயிறு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது: நான்குமே கெடுதல். விரியன் கடி ஏற்கெனவே வீக்கத்தைக் கொண்டுவரும். அதன் மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரலையோ கையையோ இழக்க நேரிடும். மோதிரம், வளையல், கொலுசை உடனே கழற்றுங்கள், வீங்கிய பின் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடிபட்ட கையை அல்லது காலைக் குச்சியோ மடித்த துணியோ வைத்து அசையாமல் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். இரண்டாவது ஆளும் கடிபடுவது அப்படித்தான். தூரத்திலிருந்து எடுத்த போட்டோ இருந்தால் காட்டலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து, மேலே சொன்ன சமவெளிப் பாம்புகள் நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு விஷம் எடுத்துத் தருகிறது. குழிவிரியன் விஷத்துக்கு அந்த மருந்து கேட்காது. அதனால் 'ஊசி போட்டாச்சு' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவதும் தவறு, 'சின்னப் பாம்புதானே' என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பதும் தவறு. பச்சைக் குழிவிரியன் கடியில் உயிர் போவது அரிதுதான். ஆனால் கீழே காப்பித் தோட்டங்களில் இருக்கும் கூம்புமூக்குக் குழிவிரியன் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். டாக்டர்கள் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், என்ன நிறப் பாம்பு கடித்தது என்று நீங்கள் சொல்லும் விவரம் அவர்களுக்கு உதவும். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

குரங்கும் மற்றவையும்

குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், அதைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதற்கு அது மிரட்டல். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். பேரிஜம் ஏரிப் பக்கம் யானை இறங்கினால் வனத்துறை பாதையை அடைத்துவிடும். செக்போஸ்ட்டில் கெஞ்சி உள்ளே போக முயலாதீர்கள். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், எதிர்பாராமல் நேருக்கு நேர் வந்துவிட்டால்தான் தாக்கும். சோலை ஓரத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்க வேண்டாம், உப்பு வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வழிவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். புல்லும் புதரும் உள்ள ஓரங்களில் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகள் இருக்கும். அவை கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் வரலாம். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். கடித்தது தெரியாது. ஊர் திரும்பி ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். மலைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த சிறு புண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வலிக்காது, அதனால்தான் தட்டுப்படுவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். காட்டிலிருந்து திரும்பிய அன்றே போட்டிருந்த துணியை வெந்நீரில் நனைத்து, உடம்பை நன்றாகத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். புல்லில் விரித்த போர்வையை உதறி அப்படியே காருக்குள் மடித்து வைக்காமல், அதையும் துவைக்கப் போடுங்கள்.