1965, 66 மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை முதன்முதலாக வாங்குபவருக்கு ஃபோர்டு மஸ்டாங்கின் முதல் தலைமுறையே தோதானது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் ஆரம்ப விலையில் அறிமுகமாகி, முதல் பன்னிரண்டு மாதங்களிலேயே நாலு லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. அவ்வளவு விற்றதால்தான் இன்றைக்கும் கதவுக் கைப்பிடி முதல் தரைத்தகடு வரை புதிதாகக் கிடைக்கிறது. ஒப்பேற்றி விற்கப்படும் வண்டிகள் மலிந்து கிடப்பதற்கும் அதுவே காரணம்.

நீண்ட பானெட்டும் குட்டையான பின்பக்கமும் யாரையும் மயக்கிவிடும். ஆனால் அடியில் இருப்பது ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் கட்டுமானம். தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். அதனால் இதில் துரு என்பது அழகுப் பிரச்சினை அல்ல. தகடு போனால் வண்டியின் பலமே போயிற்று. இன்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஜாக்கி, ஒரு கேன் தண்ணீர், கூடவே ஒரு ஆள் இருந்தால் போதும்.

தொடக்கம் எண்ணிலிருந்து. பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கம் உள்தகட்டின் மேல்விளிம்பில், ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடு) வெட்டிவிட்ட இடைவெளி வழியாக, வண்டியின் அடையாளமான வின் எண் தெரியும். கதவில் இருக்கும் தகட்டை நம்ப வேண்டாம். அதைப் புதிதாக அடித்துத் தருகிறார்கள். எண் ‘5ஆர்07சி’ என்று தொடங்கினால்: 5 என்பது 1965 மாடல், ஆர் என்பது சான் ஹோசே ஆலை (எஃப் டியர்பார்ன், டி (T) மெட்டச்சன்), 07 நிலையான கூரையுள்ள ஹார்ட்டாப் (08 கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள், 09 கூரை பின்னோக்கிச் சரியும் ஃபாஸ்ட்பேக்). கடைசி எழுத்துதான் பணம். சி என்றால் 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்), 200 குதிரைத்திறன். ஏ என்றால் 225. கே என்றால் 271. அந்த இடத்தில் டி (T) இருந்தால் ஆறு சிலிண்டர்.

டி எழுத்து இருக்கும் வண்டியில் வி8 உட்கார்ந்திருந்தால் சக்கர நட்டுகளை எண்ணுங்கள். ஆறு சிலிண்டருக்கு நாலு, வி8-க்கு ஐந்து. நாலே இருந்தால் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு, பிரேக்கையும் பின் ஆக்சிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். ஐந்தாக மாற்றி ஒழுங்காகச் செய்திருந்தால் வாங்கலாம், ஆறு சிலிண்டர் வண்டியின் விலைக்கு.

ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் வண்டி என்று சொல்லி விலை கேட்டால் இன்னும் உஷார். வின் எண்ணில் ஜிடி தெரியாது. 1965 ஏப்ரலில் வந்த அந்தப் பேக்கேஜ் ஏ, கே இன்ஜின்களுக்கு மட்டுமே. சி எழுத்து வண்டியில் ஜிடி பேட்ஜ் இருந்தால் அது கடையில் வாங்கி ஒட்டியது. பேட்ஜ், பக்கவாட்டுக் கோடு, பனிவிளக்கு எல்லாமே காசுக்குக் கிடைக்கும். பாடியோடு சேர்ந்த பின்பக்க ஃப்ரேமில், இரட்டை சைலன்சர் குழாய்களைத் தொங்கவிடுவதற்காக ஆலையில் பற்றவைத்த பலப்படுத்தும் தகடுகள் இருக்கின்றனவா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

இனி தண்ணீர். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் துளைகளுக்கு அடியில் கவுல் என்ற பெட்டி இருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் இணைத்தது. மழைநீர் உள்ளே விழுந்து இரு ஓரங்களிலும் வழிந்து, முன் ஃபெண்டருக்குப் பின்னால் தரையில் கொட்ட வேண்டும். காற்று கேபினுக்குள் போக, பெட்டியின் அடித்தகட்டில் தொப்பி போல எழும்பிய வளையம் உண்டு. இலையும் மண்ணும் அதைச் சுற்றித் தேங்கி, ஈரம் காயாமல், வளையத்தின் அடி அரித்துவிடும். உள்ளே பெயின்ட் சரியாக ஏறாததால் அரிப்பு வேகமாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கூட வந்தவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுக்கட்டும். நீங்கள் ஒரு பக்கம் மெதுவாக ஊற்றுங்கள், பிறகு மறுபக்கம். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் கவுல் போய்விட்டது. மேலிருந்து சிலிக்கான் பூசுவது, பிளாஸ்டிக் மூடி வைப்பது எல்லாம் தற்காலிகம். முறையான வேலை என்றால் ஃபெண்டர்களையும் முன்கண்ணாடியையும் கழற்றி, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, மறுபடி பெயின்ட். கூலிதான் ஆளைக் கொல்லும். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று விற்பவர் தடுத்தால் பேரம் அங்கேயே முடிந்தது.

கவுல் ஒழுகிய வண்டியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் தரைத்தகட்டின் கதி தெரியும். பானெட்டுக்குள் பேட்டரித் தட்டுக்கு அடியில் பாருங்கள். ஆசிட் சிந்தி அங்கே தகடு கரைந்திருக்கும். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவர்களில், சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் பொருந்தும் இடத்தைச் சுற்றி விரிசல் தேடுங்கள். பின்சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாமல் விழுந்தால் அடியில் தகடு இல்லை, பூசி மறைத்த பட்டிதான்.

கன்வர்ட்டிபிளுக்குத் தனிச் சோதனை. கதவைச் சும்மா திறந்து மூடிப் பார்த்துவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃப்ரேமில் ஜாக்கி கொடுத்துச் சற்றே தூக்கி, மறுபடி மூடுங்கள். இடைவெளி மாறிக் கதவு இடித்தால் கதவுக்குக் கீழே ஓடும் படி போன்ற பகுதியின் உள்தகடு மக்கிவிட்டது என்று அர்த்தம்.

பனியை உருக்க உப்புத் தூவிய சாலைகளில் ஓடிய மிச்சிகன், ஒஹையோ வண்டி பளபளவென்று இருப்பதைவிட, அரிசோனாவின் வெயிலில் பெயின்ட் வெளுத்து நிற்கும் வண்டியே மேல். பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

இன்ஜினைப் பற்றி நாலு வரி போதும். 289 எளிதில் சரிசெய்யக்கூடிய இன்ஜின். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து நீலப்புகை வருகிறதா பாருங்கள். தடுமாறி ஓடினால் ஸ்பார்க் பிளக் வயர்களைச் சரிபாருங்கள், வரிசை 1-5-4-2-6-3-7-8. ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட் (சுமார் 4.7 லிட்டர்) ஆயில், அதில் துத்தநாகம் கலந்த வகையாக இருக்கட்டும். இல்லையேல் வால்வுகளைத் திறக்கும் கேம் தேயும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வாங்கியதும் முதல் செலவு பிரேக்கில். 1965, 66 வண்டிகளில் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறைதான்; எங்கோ ஓரிடத்தில் கசிந்தாலே நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. 1967 முதல் வந்த இரட்டை அறை அமைப்பை இதில் பொருத்தத் தனி கிட் விற்கிறார்கள். குரோம் பம்பரை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.