அலமாரியில் வைத்தாலும் வயதாகும்

தம்பியின் கல்யாணத்தன்று மண்டபப் படியேறும்போது அப்பாவின் வலது கால் ஷூவின் அடிப்பாகம் விட்டுப்போனது. கழன்று விழவில்லை, காய்ந்த கேக் போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பத்தடி நடப்பதற்குள் இடது காலும் அப்படியே. வாசலிலிருந்து மணமேடை வரைக்கும் தரையில் கறுப்புத் தூள். அப்பா என்னைப் பார்த்து, “இரண்டே தடவைதாம்மா போட்டேன்” என்றார். உண்மைதான். பணி ஓய்வு விருந்துக்கு வாங்கிய ஷூ அது. அதன்பின் எட்டு ஆண்டுகள் மெல்லிய தாளில் சுற்றி, பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

அன்றிலிருந்துதான் வீட்டில் உள்ள பொருள்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். நாம் பெரும்பாலும் ஒரு கணக்கைத்தான் வைத்திருக்கிறோம்: எத்தனை தடவை பயன்படுத்தினோம் என்ற கணக்கு. பொருளுக்குள் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பல ஷூக்களின் மெத்தென்ற அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. காற்றிலுள்ள நீராவி அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அறுக்கும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, பகல் வெப்பம் 31, 32 டிகிரி. வேதிவினைகளுக்குத் தோராயமான ஒரு விதி உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். குளிர்நாட்டை மனத்தில் வைத்து “பத்தாண்டு தாங்கும்” என்று எழுதியதை இங்கே அப்படியே நம்புவது முதல் தவறு. தோல் போலத் தெரியும் சோஃபா உறை உரிவதும், பழைய கைப்பை பிசுபிசுப்பதும் இதே கதைதான். அப்படிப்பட்ட ஷூவை விசேஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். போட்டு நடந்துவிடுங்கள்.

எங்கள் குடும்பம் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பம். ஆனாலும் ரப்பர் எப்படி மூப்படைகிறது என்று வீட்டில் யாரும் யோசித்ததில்லை. பக்கத்து வீட்டு மாமா தம் காடியைக் கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே எடுப்பார். “டயர்ல பூ அப்படியே இருக்கு பாரு” என்று தேயாத வரிப்பள்ளங்களைப் பெருமையாகக் காட்டுவார். பூவை மட்டும் பார்ப்பதுதான் தவறு. டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். அந்தக் காடியில் இருந்தது கிட்டத்தட்ட அவ்வளவு பழசு. குனிந்து பார்த்தால் பக்கவாட்டில் முடி போன்ற வெடிப்புகள்.

காற்றில் உள்ள ஓசோன் ரப்பரின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தைத் தாக்கும். அதைத் தடுக்க டயரில் மெழுகு போன்ற பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து பூசிக்கொள்ளும். வெயிலில் மாதக்கணக்காக நிற்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. டயர் நிறுவனங்கள் பலவும் ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கின்றன. பூ எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டோடு நிறுத்தச் சொல்கின்றன. நம் வெயிலுக்கு நான் பத்து வரை காத்திருக்க மாட்டேன். மலிவாகக் கிடைக்கிறது என்று பட்டறையில் டயர் மாற்றும்போதும் அந்த நான்கு இலக்கங்களைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். காடியின் பின்பெட்டிக்குள் கிடக்கும் மாற்று டயரையும் மறக்க வேண்டாம். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதற்கும் வயதாகிறது.

இங்கே ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2014இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்தின் அடியில் நிலநடுக்க அதிர்வைத் தாங்க இயற்கை ரப்பர் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். டயரே வெடிக்கும்போது பாலத்துக்கு ரப்பரா என்று தோன்றலாம். தடித்த ரப்பர் கட்டையில் உயிர்வாயு மேற்தோலை மட்டுமே கெடுக்கிறது, உள்ளே போக மிக நீண்ட காலமாகும். மெல்லியதாக இருந்தால் எல்லாமே மேற்தோல்தான். நம் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கும் சூடுமாகக் கிடக்கும் கேஸ் குழாய் அப்படிப்பட்டது. கேஸ் தோம்பை மாற்றும்போதெல்லாம் குழாயை லேசாக வளைத்துப் பாருங்கள்; வெடிப்போ விறைப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இணைப்பில் சவர்க்கார நீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். “கசிந்தால் வாசம் வருமே” என்று காத்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்கு மோப்ப சக்தி குறைந்துகொண்டே போகும், அந்த வீட்டில் வாசத்தை நம்புவது இன்னும் ஆபத்து.

மின்சாரப் பெட்டியில் ‘டி’ (T) என்று எழுதிய சின்னப் பொத்தானைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்? மின்கசிவு ஏற்பட்டால் தொடர்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி அது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே உள்ள பாகங்கள் ஒட்டிக்கொண்டு, தேவைப்படும் நாளில் அசையாமல் போகலாம். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். மின்சாரம் உடனே போக வேண்டும். போகாவிட்டால் பதிவு பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

பழைய கைப்பேசியை முழுச் சார்ஜில் மேசை இழுப்பறைக்குள் போடுவதும், சுத்தமாகத் தீர்ந்த நிலையில் போடுவதும் லித்தியம் பேட்டரிக்குக் கெடுதல். பாதி அளவு சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் ஓராண்டு கிடந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். நண்பகலில் நிறுத்திய காடிக்குள் வெப்பம் அதைவிட அதிகம். பவர் பேங்கைக் காடியில் விட்டு வராதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம்.

சரி, இப்போது எனக்கு நெஞ்சு வலிக்கும் பகுதிக்கு வருகிறேன்.

தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். அவருடைய பயணத் தாள் ஒன்று வீட்டில் இருந்தது. அது கிழியாமல் இருக்க வேண்டும் என்று சித்தப்பா கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டார். அன்பினால் செய்ததுதான். ஆனால் சூடும் பசையும் தாளோடு ஒன்றாகிவிடுகின்றன, பிறகு பிரிக்கவே முடியாது. பழைய தாளில் இருக்கும் அமிலம் உள்ளேயே இருந்து தன் வேலையைச் செய்யும். எங்கள் தாள் இப்போது தேநீர் நிறத்தில் இருக்கிறது, கையெழுத்து வெளிறிவிட்டது. பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு எதையுமே லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத தாளுக்கிடையில், ஒட்டாத தெளிவான உறையில் வைத்தால் போதும். கடை ரசீதுகள் சூட்டில் அச்சாகும் தாள். அவை தாமாகவே மங்கும். உத்தரவாதத்துக்குத் தேவைப்படும் ரசீதை வாங்கிய அன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படங்களுக்கும் இதே கதிதான். பிசினுள்ள பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தன. அந்தப் பிசின் படத்தின் முதுகைத் தின்கிறது. வரமாட்டேன் என்றால் இழுக்காதீர்கள், பக்கத்தோடு படமெடுத்து வையுங்கள். சட்டத்தில் மாட்டும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. மழைக்கால ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தாத்தா பாட்டி படத்தை வெளிச்சுவரில் மாட்டுவதையும் தவிர்க்கலாம். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நின்றாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இரும்புப் பெட்டியில் போட்டுத் தரையில் வைப்பது பாதுகாப்புப் போலத் தோன்றும். பெட்டிக்குள் அடைபட்ட ஈரம் வெளியே போக வழியில்லை. உயரத்தில், காற்றோட்டம் உள்ள இடத்தில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை மறக்காமல் மாற்றுங்கள்.

கல்யாண வீடியோ கேசட் வைத்திருக்கிறீர்களா? கேசட்டின் சின்னச் சன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைத் தூசி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. ஆசையாக எடுத்துப் பிளேயரில் போட்டால் நாடா அறுந்துபோகலாம், அடுத்து போடும் கேசட்டுக்கும் அது தொற்றும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம், சிடியில் ஏற்றியாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. நாமே எழுதும் சிடியில் சாயப்பூச்சு வெளிறும், பென்டிரைவில் மின்னூட்டம் ஆண்டுகளில் கசியும். இரண்டு பிரதி, இரண்டு வேறு இடம், ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது. இதற்குக் குறைவாக எதுவும் போதாது.

சுவர்களைப் பற்றிக் கொஞ்சம். 2008இல் உலகப் பாரம்பரியத் தலமான ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்விடும். பெயர்கிறதே என்று மேலே சிமெண்டு பூசி, நீர் புகாத சாயம் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு மேலேறும். உப்பு படிகமாகிச் செங்கல்லையே உடைக்கும். பழைய சுவருக்கு உறுதியான பொருள் நல்லது என்ற எண்ணம்தான் அங்கே தவறு. ஃபிளாட்டுகளில் சிக்கல் வேறு. கூரையில் பழுப்புக் கோடும் வெடிப்பும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் காங்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கிறது. அதன்மேல் வெள்ளையடிப்பது காய்ச்சலுக்குப் பவுடர் பூசுவது மாதிரி.

இத்தனையும் சொன்ன பிறகு உடம்புக்கு வரும்போது கணக்கே மாறுகிறது. இங்கேதான் நம் வீடுகளில் மிகப் பெரிய தவறு நடக்கிறது. “இனிமே முட்டிய மிச்சம் பிடிக்கணும்” என்று அம்மா மாடிப்படி ஏறுவதையே விட்டார். நாங்களும் தண்ணீர்க் குவளையைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம், பாசம் என்று நினைத்து. டயருக்கு இருக்கும் மிச்சக் கணக்கு தசைக்குக் கிடையாது. பாரம் வந்தால்தான் தசையும் எலும்பும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிற்று. மறுபக்கத்தையும் கேளுங்கள். 1990இல் வெளியான இன்னோர் ஆய்வு: போஸ்டனில் ஒரு முதியோர் இல்லம், 86 முதல் 96 வயது வரை பத்துப் பேர், எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில்!

அதற்காக நாளைக்கே தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறச் சொல்லவில்லை. மூட்டு தேய்ந்தவர் இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிட்டு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். அம்மா அப்படித்தான் தொடங்கினார். குவளையை இப்போது அவரே எடுத்துக்கொள்கிறார்.

தோசை சிவக்கிறதே, அதற்குக் காரணமான வேதிவினையை 1912இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தார். சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பாகும் வினை. அதுவே 37 டிகிரியில், நம் உடம்புக்குள், மிக மெதுவாக நடக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் வேகமாகிறது. தோல், இரத்தக் குழாய், கண்வில்லை எல்லாம் விறைக்கின்றன. 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்களிடம்தான் மிக அதிகம். கிளினிக்குக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு மட்டும் இனிப்பை நிறுத்துவது பயனில்லாத தவறு. எச்.பி.ஏ.1சி சோதனை, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள், ஆகவே கடந்த மூன்று மாதமும் அதில் தெரிந்துவிடும்.

“வயசானா அப்படித்தான்” என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனையோ சரிசெய்யக்கூடிய குறைகளை விட்டுவிடுகிறோம். டிவி சத்தம் கூடிக்கொண்டே போனால் காதைச் சோதியுங்கள். காது கேட்பது குறைவது, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்று. திடீர்க் குழப்பம், அடிக்கடி தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை எதுவும் வயதின் இயல்பு என்று மூடி வைக்க வேண்டியவை அல்ல. தாகமும் வயதோடு குறைகிறது, கேட்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுங்கள்.

கடைசியாக, பொருளின் மூப்பும் உடம்பின் மூப்பும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒன்று. அப்பாவுக்கு நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அதை, பஞ்சு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். அந்த மாத்திரையில் உள்ள மருந்தான நைட்ரோகிளிசரின் எளிதில் ஆவியாகும். பிளாஸ்டிக்கும் பஞ்சும் அதை உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே மருந்து குறைந்துபோயிருக்கும். தன் கண்ணாடிப் புட்டியிலேயே, மூடியை இறுக்கி வைக்க வேண்டும். திறந்த பிறகு வழக்கமாக எட்டு வாரம்தான். தயாரிப்பைப் பொறுத்து மாறும் என்பதால் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப் புட்டி வாங்கி வந்த அன்று, திறந்த தேதியை மேலே மார்க்கரால் அப்பாவே எழுதினார்.