பின் ஆக்ஸில் ஊளையிடுகிறதா? டிஃபரன்ஷியலை நீங்களே பார்க்கலாம்

எங்கள் பொலிரோவில் மைலேஜ் இறங்கிக்கொண்டே வந்தது. பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. ‘கிரவுன் பினியனையே மாற்ற வேண்டும்’ என்றது ஒரு பட்டறை. டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்ஸிலின் நடுவே இருந்து, இஞ்சின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து, திருப்பத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி; கிரவுன் பினியன் அதன் முக்கியப் பற்சக்கர ஜோடி. கடைசியில், ஆயில் கசியாமல் தடுக்கும் ஒரு பினியன் சீலும் புது ஆயிலும் போதுமானதாக இருந்தன. சுமோ, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் டயர் காற்று, அடுத்து பிரேக் பிடிப்பு. மைலேஜைத் தின்பவை பெரும்பாலும் இவைதான். இரண்டும் சரி என்றால் மட்டும் டிஃபரன்ஷியலுக்கு வாருங்கள்.

திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் சீராக ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளை மாறினால் கிரவுன் பினியன் பக்கம் சந்தேகப்படலாம். வண்டியை இடம் வலமாக லேசாக வளைக்கும்போது மாறினால் அது சக்கர பேரிங். பிறகு கானாடுகாத்தான் போன்ற ஊரில், நீண்ட மதில்களுக்கு நடுவே, கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை மெதுவாக முழுதாகத் திருப்புங்கள். மதில் சத்தத்தைத் திருப்பிக் காட்டும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் இறுகியிருந்தால், உள்பக்க டயர் தேய்ந்து துள்ளும். வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும்.

இனி ஆயில். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சற்றுச் சூடாக இருக்கும்போது தொடங்குங்கள். ஆத்தங்குடி கல் பதித்த முகப்பு வேண்டவே வேண்டாம், கறை போகாது.

மேலே உள்ள நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்த பிறகு மேல் பிளக் அசையவில்லை என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். நம் செம்மண் புழுதி பிளக்கின் குழியில் சுண்ணாம்புபோல் இறுகிவிடுகிறது. ஆணியால் கிளறி, கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு இரவு ஊறவிடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் தலையை மழுக்கிவிடும். அளவான சாவியோடு நீளக் குழாய் ஒன்றை மாட்டித் திருகுவதே என் வழி.

வடிகால் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கூரான துணுக்கு இருந்தால் பல் உடைந்திருக்கிறது, பட்டறைக்குப் போங்கள். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கண்மாய் மறுகால் பாயும் சாலையில் இறக்கிய வண்டிகளில் இது சகஜம்.

கையேடு சொல்லும் தரத்தையே வாங்குங்கள். பொதுவாக ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம். சத்தத்தை அடக்க மிகக் கெட்டியான ஆயில் ஊற்றும் யோசனை எனக்குப் பிடிக்காது, அது மைலேஜைத்தான் தின்னும். புனலைவிடக் கைப்பம்பு மேல். துளையின் கீழ்விளிம்பில் வழியத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: புது சீல் போட்டும் கசிகிறது என்று இருவர் கேட்டார்கள். ஆக்ஸிலின் மேலுள்ள மூச்சுத்துளையைப் பாருங்கள். அது புழுதியால் அடைபட்டால், சூட்டில் எழும் அழுத்தம் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். முன்சக்கர இயக்க வண்டிக்காரர்கள் இதைத் தேட வேண்டாம்; அவர்களுக்கு டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.