டிசம்பர் 31-க்குக் காத்திருக்காமல் மனந்திரும்புவது எப்படி?

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் கண்ணீர் விட்டு ஜெபிக்கிறோம், புது வருஷத்துக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கிப் பர்ஸில் வைக்கிறோம், இரண்டு நாள் கழித்துக் கடையைத் திறந்தால் அதே தராசுதான், வீட்டிலும் அதே பேச்சுதான். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல வரவில்லை. ஒரே மூச்சில் அழுது தீர்த்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் சிக்கல். 1517-இல் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். வாழ்நாள் முழுவதும் என்றால் சாதாரண செவ்வாய்க்கிழமையும் அதில் சேர்த்திதான்.

நேரம் அதிகம் வேண்டாம், படுக்கப்போகும் முன் பத்து நிமிஷம் போதும், போன் மட்டும் வேறு அறையில் இருக்கட்டும். என்ன செய்வது என்று தெரியாவிட்டால், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வரிசை சொல்லிக்கொடுத்திருக்கிறார்: முதலில் நன்றி, அப்புறம் உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு என்ன செய்வேன் என்று தீர்மானிப்பது. இது கத்தோலிக்கச் சரக்கு என்று சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே ஆட்கள் ஒதுங்க வேண்டாம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற குருவானவரும் இயேசு சபைக்காரர்தான், ஆக நம்ம ஊருக்கு அந்நியமான சமாச்சாரம் இல்லை. நன்றியிலிருந்து தொடங்கச் சொன்னதில் விவரம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் குற்றத்தைத் தோண்ட ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் ஜெபம் என்றாலே ஓட்டம் பிடிப்பீர்கள்.

அடுத்தது, பாவத்தைப் பெயர் சொல்லிச் சொல்வது. “கர்த்தாவே, நான் பெரும் பாவி” என்று சொல்வது சுலபம், அதில் யாருக்கும் வலிக்காது. “ஆரப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைத் தெரிந்தே பையில் போட்டுக்கொண்டேன்”, “அத்தை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேண்டுமென்றே பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்”, “சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குடும்பக் கதையைப் போட்டுவிட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள், தொண்டையில் நிற்கும். (கடைசியில் சொன்னது நம் சபைகளில் பாவக் கணக்கிலேயே வருவதில்லை, அது தனிக் கதை.)

பெயர் சொன்னாலும் போதாது என்பதற்கு இஸ்ரவேலின் ராஜா சவுல்தான் சாட்சி, எதிரியின் ஆடுமாடுகளையும் விட்டுவைக்காதே என்ற கர்த்தரின் கட்டளையை மீறியவன். 1 சாமுவேல் 15-ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். சவுலும் “பாவஞ்செய்தேன்” என்றுதான் சொல்கிறான், ஆனால் அதற்கு முன்னால் ஆடுமாடுகளைத் தப்பவிட்டது ஜனங்கள்தான் என்கிறான், பிறகு ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான், கடைசியில் மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்கிறான். தப்பு வெளியே வந்த பிறகும் மரியாதை குறையக் கூடாது, அவ்வளவுதான் கவலை. சவுலுக்குப் பிறகு ராஜாவான தாவீது செய்ததோ இதைவிடக் கொடுமை, அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்ல ஏற்பாடு செய்தவன். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னதும் கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டான், காரணம் எதுவும் அடுக்கவில்லை. உங்கள் ஜெபத்தில் “ஆனால்”, “அவங்கதான் முதல்ல” என்று வந்தால் அங்கேயே நிறுத்தி மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். சொந்த வார்த்தை வரவில்லை என்றால் சங்கீதம் 51 இருக்கிறது, அதை வாய்விட்டு வாசிக்கலாம்.

இதுவரை செய்தது அறைக்குள். வெளியே வர வேண்டிய வேலையில்தான் பலரும் நழுவுகிறார்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு என்ன செய்தான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலு மடங்கு திரும்ப என்றான். நாம் நாலு மடங்குக்கே போக வேண்டாம், முதலில் ஒரு மடங்கு கொடுப்போம். மல்லி விலை ஏறுகிற நாளில் முழம் போடும் கை கொஞ்சம் உள்ளே மடங்குகிறது என்றால், வாங்கிப்போன ஆட்களைத் தேடிப் பிடிக்க முடியாது. அந்தப் பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாளையிலிருந்து கையை நீட்டி அளக்க வேண்டும். ஆனால் யார் என்று தெரிந்திருந்தால் அவர்களிடமேதான் கொடுக்க வேண்டும், காணிக்கைப் பெட்டியில் போட்டுச் சமாளிக்கக் கூடாது. முக்கியமாக அக்கா தங்கச்சி பங்கு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. “அதான் கல்யாணத்துக்கு நகை போட்டோமே” என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்குப் போகிற அண்ணன்மார்கள் எத்தனை பேர்! காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருப்பது இவர்களுக்கும்தான்.

மன்னிப்புக் கேட்கப் போனால் சுருக்கமாகக் கேளுங்கள். என்ன செய்தேன், அது தப்பு, இதைத் திருப்பித் தருகிறேன், சரி, அவ்வளவு போதும். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டிருக்காதீர்கள், அது அவர் விருப்பம்.

இதைத் திருப்பிப் போட்டு ஆயுதமாக்குகிறவர்களும் உண்டு. சனிக்கிழமை அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அழுகிற கணவனை “மனந்திரும்பிவிட்டார், ஏற்றுக்கொள்ளம்மா” என்று மனைவியிடம் ஒப்படைப்பது மேய்ப்பர் வேலையே இல்லை. மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகள் எங்கே என்று யோவான் ஸ்நானகன் கேட்டது இந்த மாதிரி ஆட்களிடம்தான், கனி காய்க்கக் காலம் ஆகும், அதுவரை அவள் பாதுகாப்பான இடத்தில் இருப்பதில் பாவம் இல்லை. பெண்கள் உதவி எண் 181-ஐ ஜெபக்குழுப் பெண்கள் எல்லோரும் போனில் வைத்திருப்பது நல்லது.

மறுபடி விழுந்தால்? விழுவீர்கள். அன்றைக்கு ராத்திரியே திரும்ப உட்காருங்கள், அடுத்த லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அங்கே போகிற வழியை மாற்றுங்கள்; வேலை முடிந்து டாஸ்மாக் தெரு வழியாக வந்துகொண்டே குடியை விட ஜெபிப்பது வீண் வேலை, குடிக்கு மருத்துவரையும் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, இருக்கிறது, கனமான பாவங்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், அதற்கும் மேலே அடிக்கடி போகத் தடை இல்லை. மற்றவர்களுக்கு யாக்கோபு 5:16 இருக்கிறது, ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று. ஒரே ஒரு ஆள் போதும், வயசில் மூத்தவராக இருந்தால் இன்னும் நல்லது, வாய் ஓட்டையாக மட்டும் இருக்கக் கூடாது. என்றைக்கோ அறிக்கையிட்டுச் சரிசெய்து முடித்த பாவமே தினமும் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் அதையும் அந்த ஆளிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள்.