நூலகத்துக்கு நூலும் இதழும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், 212 தலைப்புகள் கொண்ட பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். பத்து நிமிடம் பார்த்ததிலேயே பதினேழு நூல்கள் ஏற்கெனவே எங்கள் அலமாரியில் இருப்பவை என்று தெரிந்தது. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதே மேசையில் உட்கார்ந்து இதே தவறை நானும் செய்திருக்கிறேன். பில்லைக் கூட்டிப் பார்ப்பது, பட்ஜெட்டுக்குள் நிற்பது, மார்ச் கடைசி வாரம்வரை காத்திருக்காமல் இருப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கவனமாக வேலை செய்கிறவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஓபாக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியலில்) ஒரு முறை தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு செய்வது

ஆங்கில நூலுக்கு ஒரு முறை தேடினால் பெரும்பாலும் போதும். தமிழ் நூலுக்குப் போதாது. எங்கள் பழைய பதிவுகள் ரோமன் எழுத்தில் ஏற்றப்பட்டவை. புதுமைப்பித்தன் பெயரில் வரும் 'து'வுக்கு ஒருவர் 'டி' போட்டிருப்பார், அடுத்தவர் 'டிஎச்' போட்டிருப்பார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர் யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு ஒன்றில் தட்டிவிட்டு ஓய்வுபெற்றுப் போயிருப்பார். அந்தப் பதிவு இன்று திரையில் வெறும் குறிகளாகத்தான் தெரியும். நீங்கள் தமிழில் தேடினால் நூல் இல்லை என்றே வரும். ஆசிரியர் பெயரை மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள், தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள், அப்புறம் எழுந்து அலமாரிவரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணை மட்டும் நம்பினாலும் ஆபத்து. பாரதியின் எழுத்துகள் 1949-ல் அரசுடைமையானவை. அதே கவிதைகளை எத்தனையோ பதிப்பகங்கள் வெவ்வேறு அட்டையில், வெவ்வேறு தலைப்பில், வெவ்வேறு எண்ணில் போடுகின்றன. எண் புதிது என்பதால் நூல் புதிது ஆகிவிடாது. இதன் மறுபக்கமும் உண்டு. உ.வே.சா. 1894-ல் பதிப்பித்த புறநானூறு இருக்கிறதே என்று அவருடைய பிந்தைய பதிப்பைத் தள்ளிவிடாதீர்கள். குறிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்திருக்கும், ஆய்வு செய்கிறவருக்கு இரண்டும் வேண்டும்.

விற்பனையாளர் தட்டச்சு செய்து கொண்டுவரும் பரிந்துரைப் பட்டியல்

ஏற்காதீர்கள். அடியில் பேராசிரியரின் கையெழுத்து இருந்தாலும் அவரை ஒரு முறை போனில் கூப்பிட்டு, எந்தப் பாடத்துக்கு, எந்த ஆய்வுக்கு என்று கேளுங்கள்.

இப்படி வந்த ஒரு பட்டியலில் இருந்த கடல்சார் உயிரியல் நூல் ஒன்றை நானே வாங்கியிருக்கிறேன். நல்ல அட்டை, விலை டாலரில். பிரித்தால் உள்ளே விக்கிப்பீடியா கட்டுரைகள், இணைய இணைப்புகளின் நீலக் கோடுகூட நீங்காமல் அச்சாகியிருந்தன. அதற்குள் நூலகப் பதிவேட்டில் ஏற்றிச் சேர்க்கை எண் போட்டாயிற்று, திருப்பித் தர வழியில்லை.

சந்தா கட்டியதால் இதழ் நம்முடையது என்று நினைப்பது

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் இரண்டாம் மாடியில் மெரூன் நிற காலிகோ துணியில் பைண்டு செய்த இதழ்த் தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. முதுகில் பொன் எழுத்தில் ஆண்டு. ஒரு வேதியியல் இதழின் வரிசை 1961-ல் தொடங்கி 2009-ல் நின்றுவிடும். அந்த இடத்தில் நிறுத்தியவள் நான். அச்சு இதழுக்குத் தனியாக ஒரு தொகை, மின்னிதழ்த் தொகுப்புக்குத் தனியாக ஒரு தொகை என்று ஒரே இதழுக்கு இரண்டு முறை கட்டிக்கொண்டிருந்தோம். இடமும் இல்லை, பைண்டிங் செலவும் ஏறிக்கொண்டே போனது. மின்னிதழ் இருக்கும்போது அச்சு எதற்கு என்று குறிப்பு எழுதினேன். நூலகக் குழு பாராட்டி ஒப்புதல் தந்தது.

சில ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே போனது. ஓர் ஆண்டு நிதி வரத் தாமதமாகி, சந்தாவைப் புதுப்பிக்க முடியவில்லை. ஜனவரியில் இணைப்பு அறுந்தது. அந்த ஆண்டு இதழ்கள் கிடைக்காது என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் நாங்கள் முழுத் தொகையும் கட்டியிருந்த முந்தைய ஆண்டுகளும் சேர்ந்தே மூடிக்கொண்டன. ஒரு முனைவர் பட்ட மாணவி இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, "மேடம், 2009-க்கு அப்புறம் எந்த ரேக்கில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்குக் காட்ட என்னிடம் எந்த ரேக்கும் இல்லை.

உரிம ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் முழுக்கப் படித்தேன். அச்சு இதழை வாங்கினால் அந்தத் தாள் நமக்குச் சொந்தம். மின்னிதழில் நாம் வாங்குவது, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை படிக்கும் அனுமதியை. சந்தா நின்ற பிறகும், கட்டணம் கட்டிய ஆண்டுகள் மட்டும் திறந்திருக்கும் என்று ஒரு பிரிவை ஒப்பந்தத்தில் சேர்க்க முடியும். நிரந்தர அணுகல் என்பது அதுதான். சில பதிப்பகங்கள் தாமாகவே தரும், சில கேட்டால் தரும், சிலவற்றிடம் அதற்கெனத் தனித்தொகை கட்ட வேண்டும். நான் கேட்கவே இல்லை. அப்புறம் அதே ஆண்டுகளின் பழைய இதழ்களுக்கு இரண்டாம் முறை பணம் கட்டினோம். அந்தப் பணத்தில் ஒரு துறைக்கு ஓராண்டு முழுக்க நூல் வாங்கியிருக்கலாம்.

அதனால் கையெழுத்துப் போடுமுன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சந்தா நின்றால் கட்டிய ஆண்டுகள் கிடைக்குமா? எங்கே கிடைக்கும், பதிப்பகத்தின் தளத்திலா, கோப்புகளாகவா, போர்ட்டிகோ, லாக்ஸ் போன்ற மின்னிதழ்க் காப்பகங்கள் வழியாகவா? இதழ் வேறு பதிப்பகத்துக்குக் கைமாறினால் நம் உரிமை கூடவே போகுமா? விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று ஆண்டில் அவர் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

பல பதிப்பகங்களின் இதழ்களைத் திரட்டித் தரும் தரவுத்தளம் என்றால் இன்னும் கவனம் தேவை. பல இதழ்களின் புதிய கட்டுரைகள் அதில் ஓராண்டு தாமதமாகத்தான் வரும். பதிப்பகம் நினைத்தால் ஆண்டின் நடுவிலேயே இதழை விலக்கிக்கொள்ளும். 'ஐயாயிரம் இதழ்கள்' என்ற அட்டைப்பட எண்ணைப் பார்க்காமல், உங்கள் துறைகள் கேட்கும் நாற்பது இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று எழுதிப் பாருங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து மத்திய அரசே இதழ்ச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 என மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 சர்வதேசப் பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். கிராமத்து அரசுக் கல்லூரி மாணவருக்கும் இந்த இதழ்கள் கிடைக்கின்றன என்பது உண்மையிலேயே பெரிய விஷயம், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதைக் காட்டி எல்லாச் சந்தாவையும் நிறுத்த நினைக்கும் இளையவர்களைப் பார்க்கும்போது, 2009-ல் நான் எழுதிய அந்தக் குறிப்புதான் கண்முன் வருகிறது. அந்த 30 பதிப்பகங்களுக்குள் வராத சிறிய இந்திய இதழ்களும் தமிழ் ஆய்விதழ்களும் நம் சந்தாவை நம்பித்தான் வருகின்றன. முதலில் பட்டியலை ஒப்பிடுங்கள். நிறுத்துவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இதழ்ச் சந்தாவை ஜனவரியில் யோசிப்பது

இதழுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நம் நிதியாண்டு ஏப்ரலில். முன்பணம் கட்டினால் தணிக்கையில் கேள்வி வரும். அதனால் ஒப்புதல் கோப்பு ஆகஸ்டிலேயே நகரத் தொடங்கட்டும். அச்சு இதழில் ஓர் இஷ்யூ வராமல் போனால் உடனே எழுதிக் கேளுங்கள். கெடு தாண்டிவிட்டால் அந்தத் தொகுதியை ஓட்டையோடுதான் பைண்டு செய்ய நேரும்.

தமிழ் நூலை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது

அடுத்த ஆண்டு இருக்காது. ஆய்வு நூல் பலவும் முந்நூறு, ஐந்நூறு படிகள்தான் அச்சாகின்றன. பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும்போதே, அதற்கென ஒதுக்கிய தொகைக்கான ஒப்புதல் கையில் இருக்கட்டும்.

முத்திரை குத்துமுன் பக்கங்களைப் புரட்டாமல் விடுவது

பாரம் (சேர்த்து அச்சடித்து மடித்த பக்கங்களின் கட்டு) விடுபட்டிருக்கும், இல்லையென்றால் ஒரே பாரம் இரண்டு முறை வந்திருக்கும். முத்திரை விழுந்துவிட்டால் கடைக்காரர் மாற்றித் தர மாட்டார்.

நன்கொடையை மொத்தமாக ஏற்பது, மொத்தமாக மறுப்பது

ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டிலிருந்து நாற்பது பெட்டிகள் வரும். பாதி பாடநூல், நம்மிடம் ஏற்கெனவே இருப்பவை. ஏற்கும்முன் பட்டியல் கேளுங்கள், 'தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொள்வோம்' என்று கடிதத்தில் எழுதுங்கள். நூல்களைத் தனி அறையில், தனிப் பெயரில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பெட்டியின் அடியில் கிடக்கும் சிற்றிதழ், துண்டறிக்கை, சங்க ஆண்டு மலர், நாடக நோட்டீஸ் எதையும் பழைய காகிதம் என்று கழிக்காதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் இவற்றைத்தான் நூல்களோடு சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் உருவானது. எங்களுக்கு வந்த பெட்டி ஒன்றின் அடியில் 1950-களின் நெசவாளர் சங்க அறிக்கைகள் பதினொன்று கிடந்தன. இப்போது அவற்றுக்கு அமிலமற்ற உறை போட்டு, சேர்க்கை எண் கொடுத்து, ஓபாக்கில் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஏற்றி வைத்திருக்கிறோம்.