மலை நீர்த்தேக்கக் கரையில் கூடாரம் போடும் முன்

ஆள் அரவமில்லாத மலை நீர்த்தேக்கம் என்றால் தண்ணீரை ஒட்டியே கூடாரம் போடத்தான் மனசு வரும். வேண்டாம். கரைப்பாறைகளில் வெளுத்த கோடு ஒன்று தெரியும். நீர் அதுவரை ஏறியிருக்கிறது, மேலே மழை பெய்தால் மறுபடியும் ஏறும். கோட்டைத் தாண்டி, நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இடம் பிடியுங்கள். நீர் வடிந்த தரை வெடித்துக் காய்ந்து கிடந்தாலும் அடியில் சேறு இருக்கலாம். குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

அப்புறம் குடிநீர். பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் பாசி மிதந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கூட வரும் நாயையும் இறங்க விடாதீர்கள், பாவம், நக்கிக் குடித்துவிடும்.

பொது நிலம்தானே என்று தீ மூட்டிவிடாதீர்கள். வறண்ட மாதங்களில் தடை இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.