கோல்ஃப் கிளப் வாங்கும் முன் மணிக்கட்டை அளந்து பாருங்கள்

கோல்ஃப் ஆட முதல் அயர்ன் செட் (உலோகத் தலை உள்ள, எண் போட்ட கிளப்கள்) வாங்கப் போனபோது கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், பட்ஜெட் எவ்வளவு என்று. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அதை அவரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஸ்டாண்டர்ட் அளவு எல்லோருக்கும் சரிவரும் என்றார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் பந்து இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஸ்விங்கில்தான் கோளாறு என்று நினைத்து, கையை வெளியே தள்ளி அடிக்கப் பழகினேன், நிற்கும் விதத்தை மாற்றினேன், பிடியை மாற்றினேன். ஒரு நாள் அதிகாலையில் பயிற்சி ரேஞ்சில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த, ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கி வரும் வயதான கேடி ஒருவர் என் 7 அயர்னை வாங்கிக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பாகத்தில் ஹீல் பக்கம், அதாவது தண்டை ஒட்டிய பக்கம், குரோம் தேய்ந்து மங்கிக் கிடந்தது, எதிர் நுனியான டோ பக்கமோ வாங்கின அன்றைக்கு இருந்த அதே பளபளப்பு. "சார், ஸ்விங்கை மாத்தாதீங்க, கிளப்புதான் உங்களுக்குப் பெருசா இருக்கு" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. பொருந்தாத கிளப்பால் ஒரு ரவுண்டு கெடுவது பெரிய விஷயமில்லை. அந்தக் கிளப்புக்கு ஏற்றபடி உடம்பு தன்னைத்தானே வளைத்துக்கொள்கிறது, அந்தப் பழக்கத்தை எடுப்பதுதான் பெரிய பாடு. எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் இப்போது யார் கேட்டாலும், காசை எடுப்பதற்கு முன் டேப்பை எடுங்கள் என்கிறேன்.

தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண டேப் போதும். விளையாடும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு சமதரையில் நிமிர்ந்து நில்லுங்கள், தோளைத் தளர விடுங்கள், கைகள் தாமாகத் தொங்கட்டும். மணிக்கட்டில் உள்ளங்கை முடியும் இடத்தில் ஒரு கோடு இருக்கிறதே, அங்கிருந்து தரை வரை எத்தனை அங்குலம் என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து டேப்பைப் பார்த்தால் தோள் இறங்கிவிடும், எண் தப்பாகிவிடும். ஏறத்தாழ 34 முதல் 36 அங்குலம் வந்தால் ஆண்களுக்கான ஸ்டாண்டர்ட் நீளம் உங்களுக்கு ஒத்துவர வாய்ப்பு அதிகம். 32-க்குக் கீழே வந்தால் அரை அங்குலம், சில சமயம் அதற்கும் மேல் குறைக்க வேண்டியிருக்கும். 37-ஐத் தாண்டினால் நீட்ட வேண்டியிருக்கும். எனக்கு 31 வந்தது.

உயரத்தை மட்டும் பார்த்தால் ஏன் போதாது? ஆஜானுபாகு என்று வாட்டசாட்டமான ஆளைச் சொல்கிறோம், அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் முழங்காலைத் தொடும் கை உடையவர் என்பது. நிஜமாகவே அப்படி ஒருவர் இருந்தால், ஆறடி உயரம் இருந்தாலும் அவருக்கு நீளமான கிளப் தேவைப்படாது, கைதான் தரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறதே. அதே உயரத்தில் கை குட்டையான ஒருவர் அதே கிளப்பை எடுத்தால் கூன் போட்டு நிற்பார். ஒரே உயரமுள்ள அண்ணன் தம்பிக்குக்கூட ஒரே செட் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நீளத்தோடு ஒட்டியே வருவது லை. கிளப்பைத் தரையில் வைக்கும்போது தரைக்கும் ஷாஃப்டுக்கும் (கிளப்பின் தண்டு) இடையில் இருக்கும் கோணம் அது, 7 அயர்னில் 62, 63 டிகிரி வாக்கில் இருக்கும். கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அயர்ன் விஷயத்தில் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். பந்தை அடிக்கும் நொடியில் டோ மேலே தூக்கியிருந்தால், வலது கை ஆட்டக்காரருக்கு, பந்தைத் தொடும் முகப்பு இடப்பக்கம் பார்க்கும், பந்தும் அங்கேதான் போகும். ஹீல் தூக்கியிருந்தால் வலப்பக்கம். நீங்கள் எவ்வளவு அழகாக அடித்தாலும் இது நடக்கும். லாஃப்ட், அதாவது முகப்பு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், கூடக்கூட இந்தப் பாதிப்பும் கூடும், அதனால் தூரமாக அடிக்கும் நீளக் கிளப்பான டிரைவரில் அவ்வளவாகத் தெரியாது, பந்தை உயரத் தூக்கிப் போடும் குட்டைக் கிளப்பான வெட்ஜில் நன்றாகத் தெரியும். குட்டையானவர் நீளமான கிளப்பைப் பிடித்தால் கைப்பிடி மேலே ஏறி, கூடவே டோவும் தூக்கிக்கொள்ளும். அரை அங்குல நீளம் கூடினால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிர்ந்த மாதிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். என் பந்து இடப்பக்கம் போனதன் கதை இவ்வளவுதான்.

கோல்ஃப் கிளப் செய்யும் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயில் பிறந்தவர், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்தவர். அவருடைய நிறுவனம் 1970-களிலேயே இதற்கு ஒரு வழி செய்தது. உயரத்தையும் மணிக்கட்டு அளவையும் சேர்த்துப் பார்த்து லை கோணத்தை முடிவு செய்து, அயர்னின் பின்புறத்தில் ஒரு நிறப் புள்ளி வைத்துவிடுவார்கள். கறுப்புப் புள்ளி என்றால் ஸ்டாண்டர்ட். பழைய பிங் செட் எங்காவது விலைக்கு வந்தால் முதலில் அந்தப் புள்ளி என்ன நிறம் என்று பாருங்கள். வேறு நிறமாக இருந்தால் அது வேறொருவர் உடம்புக்கு அளந்து செய்த கிளப், உங்கள் உடம்பும் அதே அளவா என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

டேப் அளவு ஆரம்பம்தான். நிற்கும் உடம்பு வேறு, சுழலும் உடம்பு வேறு. சிலர் அடிக்கும்போது கையைத் தாழ்த்தி வருவார்கள், சிலர் எம்பிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு கறுப்பு மார்க்கர் போதும். பந்தின் மேல் தடிமனாக ஒரு கோடு போடுங்கள், அந்தக் கோடு செங்குத்தாக நின்று கிளப் முகப்பைப் பார்க்கிற மாதிரி பந்தை வையுங்கள், 7 அயர்னால் அடியுங்கள். மையின் தடம் முகப்பில் பதிந்திருக்கும். நேராக நின்றால் லை சரி. கோட்டின் மேல்நுனி டோ பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் உங்களுக்கு அதிகமாக நிமிர்ந்திருக்கிறது, ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் அதிகமாகப் படுத்திருக்கிறது. ஒரு பந்தை வைத்து முடிவு செய்யாமல் பத்துப் பந்தாவது அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் முகப்பைத் துடைத்துவிட்டு. முதல் தடவை நான் இதைச் செய்தபோது பத்தில் எட்டுக் கோடு ஒரே பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்து, இரண்டு வருடம் என் கைகளைக் குற்றம் சொன்னேனே என்று மனசு கனத்துவிட்டது.

லை தப்பாக இருந்தால் செட்டையே தூக்கிப்போட வேண்டியதில்லை. ஃபோர்ஜ்டு அயர்ன், அதாவது அடித்து உருவாக்கியது, இளகின எஃகு, அதற்கான மெஷினில் வைத்து ஒன்றிரண்டு டிகிரி வளைத்துவிடலாம். வார்ப்பில் செய்தவை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ரொம்ப வளைத்தால் கழுத்தில் விரிசல் விடும் அபாயமும் உண்டு, அதனால் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஷாஃப்ட். லேடீஸ், சீனியர், ரெகுலர், ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் என்று விறைப்பு ஏறிக்கொண்டே போகும். இந்தப் பெயர்களைப் பார்த்து வயசையோ ஆண், பெண் என்பதையோ வைத்து முடிவு செய்துவிடாதீர்கள், முடிவு செய்ய வேண்டியது ஸ்விங் வேகம். டிரைவரில் மணிக்கு 85 முதல் 95 மைல் வேகம் வந்தால் ரெகுலர், அதற்கு மேல் 105 வரை ஸ்டிஃப், 75 முதல் 85 வரை சீனியர் என்பது பொதுவான கணக்கு. வேகம் காட்டும் கருவி கிடைக்கவில்லையா, டிரைவரில் பந்து காற்றில் மட்டும் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள், உருண்டு ஓடுவதைச் சேர்க்கக் கூடாது. 200 கெஜத்துக்குக் குறைவு என்றால் ஸ்டிஃப் உங்களுக்கு வேண்டாம். விறைப்பு அதிகமானால் பந்து தாழப் பறந்து வலப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும், அடியும் கட்டையால் அடித்த மாதிரி கையில் அதிரும். குறைவானால் உயரமாக எழும்பி இடப்பக்கம் போகப் பார்க்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு, ஒரு கம்பெனியின் ரெகுலரும் இன்னொரு கம்பெனியின் ரெகுலரும் ஒன்றல்ல, இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஷாஃப்டில் அச்சடித்த எழுத்தை நம்பாமல் அடித்துப் பார்த்து எடுங்கள்.

எடையும் அப்படித்தான். அயர்னில் எஃகு ஷாஃப்ட் ஏறத்தாழ 90 முதல் 130 கிராம், கிராஃபைட் (கார்பன் இழை) என்றால் 50-லிருந்து 80 வரை பரவலாகக் கிடைக்கும். முழங்கை வலி இருப்பவர்களுக்கு, ஐம்பதைத் தாண்டி ஆட ஆரம்பித்தவர்களுக்கு, நான் கூசாமல் கிராஃபைட்டைச் சொல்வேன். எஃகில் ஆடினால்தான் ஆட்டக்காரர் என்ற எண்ணம் ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதற்காக முழங்கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பிடி உறையான கிரிப்பை யாரும் கவனிப்பதே இல்லை, ஆனால் செலவு மிகக் குறைந்த திருத்தம் இதுதான். வலது கை ஆட்டக்காரர் இடது கையால் மட்டும் கிளப்பைப் பிடித்துப் பாருங்கள். நடுவிரலும் மோதிர விரலும் சுற்றி வந்து கட்டைவிரலின் அடிச்சதையை லேசாகத் தொட வேண்டும். சதைக்குள் அழுந்தினால் கிரிப் மெலிசு, தொடாமல் இடைவெளி விட்டால் தடிமன். மெலிசாக இருந்தால் புது கிரிப் வாங்கக்கூட வேண்டாம், மாட்டும்போது அடியில் ஒட்டும் டேப்பை ஒன்றிரண்டு சுற்று கூடச் சுற்றச் சொன்னால் போதும். சென்னை வெயிலில், அதுவும் மே மாதம், நாலாவது ஹோலுக்குள் கை வியர்த்து வழுக்கும். அங்கே ஆடுபவர்கள் நூல் இழை சேர்த்த கிரிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கை வழுக்கினால் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு சுழலாது.

டிரைவர் விஷயத்தில் கடைகளில் கிடைப்பதெல்லாம் 45, 45.5 அங்குலம். விதிப்படி 48 வரை போகலாம், பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 2022 முதல் 46-தான் உச்சம். நீளம் கூடினால் தூரம் கூடும் என்பது நடுமுகப்பில் அடித்தால்தான். டைகர் உட்ஸ் 2000 வாக்கில் உலகத்தையே ஜெயித்துக்கொண்டிருந்தபோது அவர் டிரைவர் 43.5 அங்குலம்தான். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை டிரைவர் முகப்பில் மெல்லியதாகப் பூசி, பத்துப் பந்து அடித்து, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இன்னொரு பத்து. இரண்டாவது தடவை தடங்கள் நடுவில் ஒன்றுகூடினால் உங்களுக்குக் குட்டை டிரைவர்தான். லாஃப்டும் 10.5-க்குக் குறையாமல் எடுங்கள், மெதுவாகச் சுழற்றுபவர்களுக்கு 12 இன்னும் நல்லது. தொழில்முறை ஆட்டக்காரர் 9 டிகிரி வைத்திருக்கிறார் என்றால் அவர் வேகம் வேறு.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ தன் அயர்ன்கள் அத்தனையையும் ஒரே நீளத்தில், 37.5 அங்குலத்தில் வைத்துக்கொண்டு 2020-லும் 2024-லும் யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை, ஸ்டாண்டர்ட் என்பது கம்பெனி வசதிக்கு வைத்த அளவு, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பையில் 14 கிளப்புக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி, 14-ஐ நிரப்பியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. புதிதாக ஆடுபவருக்கு ஏழெட்டு தாராளம். ஆனால் இடைவெளியைப் பாருங்கள். இப்போதைய செட்களில் லாஃப்டைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், பிட்சிங் வெட்ஜே 43, 44 டிகிரியில் வருகிறது. சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் பன்னிரண்டு டிகிரி ஓட்டை, அங்கே 50 வாக்கில் ஒன்று தேவைப்படும். எந்தக் கிளப் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுப்பதை நீங்கள் வழக்கமாக ஆடும் இடத்திலேயே செய்யுங்கள். கொடைக்கானல் மாதிரி ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு, சமவெளியில் 150 கெஜம் போகிற அடி அங்கே பத்துப் பன்னிரண்டு கெஜம் கூடப் போகும். விடுமுறையில் அங்கே அடித்த கணக்கை வைத்துக்கொண்டு வாங்கினால், ஊருக்கு வந்தபின் ஒவ்வொரு கிரீனுக்கும் (குழி இருக்கும் புல்தரை) முன்னால் பந்து விழும்.

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கிளப்பான பட்டர் பற்றி ஒன்றே ஒன்று: குனிந்து நிற்கும்போது உங்கள் கண் பந்துக்கு நேர் மேலேயோ, துளி உள்ளே தள்ளியோ இருக்கும் நீளம் சரியான நீளம். நிறையப் பேருக்கு 35 அங்குலம் அதிகம், 33 போதும்.

பிள்ளைகளுக்கு வாங்குபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அப்பாவின் பழைய கிளப்பை அறுத்துக் கொடுக்காதீர்கள். நீளம் குறையும், தலையின் எடை குறையாது, வெட்டிய ஷாஃப்ட் முன்பைவிட விறைப்பாகிவிடும். எட்டு வயதுப் பிள்ளை அதைத் தூக்க முடியாமல் முழு உடம்பையும் சாய்த்து வீசும், அந்த வீச்சே பழகிவிடும். எடை குறைந்த ஜூனியர் கிளப் மூன்று இருந்தாலே போதும்.

ஃபிட்டிங், அதாவது உடம்புக்கு ஏற்றபடி கிளப் அளந்து கொடுப்பது, செய்யும் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் உங்கள் பழைய 7 அயர்னைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒப்பிட அதுதான் அளவுகோல். இருபது பந்து மெதுவாக அடித்து உடம்பு சூடானபிறகு அளக்கச் சொல்லுங்கள். மெஷின் முன்னால் நின்றதும் எல்லோருக்கும் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கத் தோன்றும், ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர்களோடு எப்படி அடிப்பீர்களோ அப்படியே அடியுங்கள். அறுபது, எழுபது பந்தைத் தாண்டினால் கை சோர்ந்து எண்கள் மாறிவிடும், அங்கேயே நிறுத்திக்கொண்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். திரையில் மிக நீளமாகப் போன ஒரு அடியை அவர்கள் காட்டுவார்கள். நீங்கள் பத்து அடியும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று கேளுங்கள். கிளம்பும்போது நீளம், லை, ஷாஃப்ட் பெயர், கிரிப் அளவு நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், செகண்ட் ஹேண்டில் தேடினாலும் அந்தத் தாள்தான் கையில் இருக்க வேண்டும்.